வழக்கமான கழிவு போக

கிக்பாக்சிங் பழகப் பயிற்சிக்கூடம் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஆசானை அல்ல. ரிங்கை அல்ல. அலமாரியில் அடுக்கியிருக்கும் கோப்பைகளையும் அல்ல. தராசைப் பார்க்க வேண்டும். இந்த உண்மையை உலகுக்கு முதன்முதலில் எடுத்துச் சொன்ன பெருமை, நீலகிரி மாவட்டம் குன்னூரை அடுத்த எல்க்ஸ்டன் எஸ்டேட் விளையாட்டு மேம்பாட்டுக் குழுவையே சேரும். அதன் செயலாளராகிய நானே இதைச் சொல்வது தற்பெருமை ஆகாது. வேறு யாரும் சொல்லவில்லை, ஆகவே சொல்கிறேன்.

உலகத்தில் நேர்மையான தராசுகள் இரண்டே. ஒன்று நியாயத்தீர்ப்பு நாளில்தான் வெளியே எடுக்கப்படும் என்று எங்கள் போதகர் சொல்கிறார். மற்றொன்று எங்கள் எஸ்டேட் எடைக் கொட்டகையில் தினம் இரண்டு வேளை தொங்குகிறது.

அது தேயிலை விலை கீழே விழுந்து, எழுந்திருக்க மனமில்லாமல் படுத்துக் கிடந்த காலம். சின்னத் தோட்டக்காரர்கள் கொழுந்தைப் பறிப்பதைவிடச் செடியிலேயே விட்டுவிடுவது மரியாதை என்று விட்டுவிட்டார்கள். மலையிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு பஸ் பஸ்ஸாக ஆள் இறங்கியது. விலையை ஏற்ற ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தார்கள். சிலர் ஊர்வலம் போனார்கள். சிலர் கோயிலுக்குப் போனார்கள். எங்கள் மேனேஜர் மனோகரன் சென்னைக்கு ஒரு கருத்தரங்குக்குப் போனார். போனவர் ‘பிராண்ட்’ என்ற சொல்லோடு திரும்பி வந்தார்.

“டீத்தூள் விக்கறதெல்லாம் பழைய காலமுங்க ரைட்டர். இனி கதைதான் விக்கணும்,” என்றார், எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டராகிய என்னிடம்.

“நம்மகிட்ட என்ன கதைங்க சார் இருக்குது?”

“அதைத்தான் கண்டுபிடிக்கணும்.”

கதை, மறுவாரமே ஆபீஸ் வாசலில் வந்து நின்றது. பெயர் வாசுகி. தொழிலாளர் குடியிருப்பில் மூன்றாம் லைனில் இருக்கும் அங்கம்மாவின் மகள். அங்கம்மா இலங்கையில் பிறந்து, கப்பலில் வந்து, இருபது வருஷத்துக்கு மேலாக எங்களிடம் கொழுந்து பறிப்பவள். மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். பள்ளிக்கூட டிரில் மாஸ்டரிடம் கிக்பாக்சிங் பழகி மாவட்ட அளவில் பதக்கமும் வாங்கியிருந்தாள். அந்த மாஸ்டரே இப்போது திருப்பூரில் பனியன் மடிக்கிறார். மே மாதம் கோயமுத்தூரில் மாநிலப் போட்டி. அதில் பதக்கம் வாங்கினால் அங்கேயே ஒரு பெண்கள் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம், ஹாஸ்டல் உட்பட. வாங்காவிட்டால் பனியன் கம்பெனி ஏஜெண்டிடம் பெயர் கொடுத்தாகிவிட்டது. போட்டிக்கு விண்ணப்பிக்க, பதிவு பெற்ற பயிற்சிக்கூடம் ஒன்றின் முத்திரை வேண்டும். அதற்குச் சிபாரிசுக் கடிதம் கேட்டுத்தான் வந்திருந்தாள்.

மேனேஜரின் கண்கள் பளபளத்தன. “எல்க்ஸ்டன் டீ! ஒவ்வொரு மடக்கும் ஒரு உதை! லேபிள்ல நீ டீக் கப்பை எட்டி உதைக்கற மாதிரி ஒரு படம்.”

“கப்பை ஏனுங்க சார் உதைக்கணும்?”

“அது விளம்பரம்மா. உனக்குப் புரியாது.”

அன்றே குழு அமைந்தது. தலைவர் மேனேஜர். உறுப்பினர் பவுல்ராஜ், கொழுந்து எடை போடும் பீல்டு ஆபீசர். செயலாளர் அடியேன். முதல் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. கூட்டம்தோறும் ஊட்டி வர்க்கியும் டீயும் உண்டு; டீ வெளியிலிருந்து வரவழைக்கப்படும் என்பது ஒன்று. மாவட்டத்திலேயே தலைசிறந்த கிக்பாக்சிங் கூடத்தைப் பாரபட்சமின்றித் தேர்ந்தெடுப்பது என்பது மற்றொன்று.

விண்ணப்பத்தில் ‘எடைப் பிரிவு’ என்று ஒரு கட்டம் இருந்தது. சாயங்காலக் கொழுந்து எடை முடிந்ததும் வாசுகியைக் கொட்டகைக்கு அழைத்தோம். மூன்று இரும்புக் குழாய்களை முக்காலிபோல் நிறுத்தி, நடுவில் வட்ட முகத்தோடு தொங்கும் தராசு அது. அடியில் கொக்கி. மூட்டையை மாட்டினால் முள் சுற்றும். வாசுகி எட்டிக் கொக்கியைப் பிடித்து, கால்களை மடக்கிக்கொண்டு தொங்கினாள்.

“நாப்பத்தெட்டு!” என்று கூவிய பவுல்ராஜ், பழக்க தோஷத்தில், “இலை முத்தல். அடுத்த ஆளு!” என்றும் சேர்த்துச் சொன்னார்.

வாசுகி கீழே குதித்தாள். “ஸ்கூல்ல பாத்தப்ப அம்பத்திரண்டு இருந்துச்சுங்க சார்.”

“அது எப்ப?”

“போன மாசமுங்க.”

“பரீட்சை சமயத்துல தலை கனமா இருக்கும். இப்பத்தான் லீவு விட்டாச்சில்ல?”

இந்த விளக்கம் எனக்குத் திருப்தியாக இருந்தது. கட்டத்தில் நாற்பத்தெட்டு என்று மையால் எழுதினேன். எழுதியதை அடிக்கும் வழக்கம் எனக்குக் கிடையாது.

முதலில் வெலிங்டன். கல்யாணமாகாத பெண்ணைத் தனியே அழைத்துப் போகக் கூடாது என்பதால் அங்கம்மாவும் ஜீப்பில் வந்தாள். அவளுக்கு அன்றைக்கு அரைநாள் கூலிக்கு அரைப் பேர் போட்டு, மீதியை லீவாக எழுதிக்கொண்டேன். கடைவீதிக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு கூடம். நடத்துகிறவர் சுரேஷ், ஓய்வு பெற்ற ஹவில்தார்.

“வாங்க, உக்காருங்க,” என்றார். உட்கார ஒன்றுமில்லை. டீயும் வரவில்லை. இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

அவர் கையில் தடித்த பேடு ஒன்றை மாட்டிக்கொண்டு, “உதை,” என்றார். வாசுகி உதைத்தாள். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடிவிட்டது. சுரேஷ் ஓரடி பின்வாங்கினார். பிறகு அவர் முகத்தில் ஏதோ நேர்ந்தது. மற்றவர்கள் முகத்தில் நேர்ந்தால் அதைச் சிரிப்பு என்று சொல்லலாம்.

“எடது கால் நல்லா வருது. வலது கை தூங்குது. மூணு வாரம் விடுங்க, எழுப்பிடறேன்,” என்றார்.

“உங்க கூடத்தோட தொலைநோக்கு என்ன?” என்று கேட்டார் மேனேஜர்.

“அடிக்கணும். அடி வாங்கக் கூடாது.”

வாசுகியின் முகம் மலர்ந்துவிட்டது. அப்போதே முடிந்திருக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் சுரேஷ் அவளை மூலையில் இருந்த மேடைத் தராசில் ஏறச் சொன்னார். முள் ஐம்பத்திரண்டில் நின்றது.

மேனேஜர் தராசின் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார்.

“மிஸ்டர் சுரேஷ், எங்க எஸ்டேட் தராசுல நாப்பத்தெட்டு. உங்க தராசு தப்பு,” என்றார் மேனேஜர்.

“வருஷா வருஷம் இன்ஸ்பெக்டர்கிட்ட முத்திரை வாங்கறேன் சார். இந்தா பாருங்க, ஈய முத்திரை. உங்களுதுல இருக்கா?”

குழு ஆலோசனைக்காக ஜீப்புக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டது.

“சார்,” என்றார் பவுல்ராஜ், மெல்லிய குரலில். “இந்தத் தராசு சரின்னா, அப்ப நம்ம கொட்டகையில இத்தன வருஷமா...”

“பவுல்ராஜ். அந்த வாக்கியத்தை முடிக்காதீங்க.”

முடிக்கவில்லை. பவுல்ராஜ் கட்டுப்பாடு மிக்கவர்.

வாசகர்களுக்கு ஒரு வரலாற்றுக் குறிப்பு. பறித்த கொழுந்து சாக்கில் வருகிறது; கிலோ கூடினால் கூலியும் கூடும். சாக்குக்கு எடை உண்டு. இலையில் ஈரம் உண்டு. காம்பும் சேர்ந்து வரும். இவற்றுக்காக மூட்டைக்கு நாலு கிலோ கழிப்பது ஆதிகால வழக்கம். முன்பெல்லாம் ஒவ்வொரு மூட்டைக்கும் வாயால் சொல்லிக் கழிப்பார்கள். பெண்கள் வாதாடுவார்கள், மழை எங்கே, காம்பு எங்கே என்பார்கள். எடை முடிய இருட்டிவிடும். எங்கள் மேனேஜர் வந்துதான் இந்தப் பூசலை ஒழித்தார். தராசின் பின்னால் ஒரு திருகு இருக்கிறது. அதை ஒருமுறை திருப்பி, முள்ளையே நாலு கிலோ பின்னால் நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து வாதமில்லை, வருத்தமில்லை. கழித்தல் என்ற வன்முறையே எஸ்டேட்டில் இல்லாமல் போயிற்று. நிர்வாகம் என்றால் இது.

ஜீப்பிலிருந்து இறங்கினேன். அங்கம்மா வெற்றிலை மென்றுகொண்டு நின்றாள்.

“என்னா ஐயா, இந்த எடம் புடிக்கலீங்களா?”

“காத்தோட்டம் பத்தாதும்மா,” என்றேன். கொட்டகைக்கு மூன்று பக்கம்தான் சுவர் இருந்தது.

அடுத்தது ஊட்டி, காந்தல். ஒரு சர்ச் ஹாலின் பின்கட்டில் எல்சா என்ற பெண் கூடம் நடத்தினாள். உதைப்பதற்குச் சாக்குப்பை ஒன்று கூரையிலிருந்து தொங்கியது. அதன் ஓட்டையிலிருந்து கருப்பாக ஏதோ உதிர்ந்து கிடந்தது. மேனேஜர் ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

“இது டீ வேஸ்ட் இல்ல?”

“ஆமாங்க. மணலு போட்டா கை போயிருதுங்க. பஞ்சு வாங்கக் கட்டுபடியாகறதில்ல. இந்த மலையில இப்ப இதுதானுங்க சல்லிசு,” என்றாள் எல்சா.

மேனேஜரின் முகம் வாடியது. தேயிலைத் தொழிலைத் தினமும் உதைக்கும் ஓர் இடத்தில் எங்கள் பிராண்டை எப்படி ஒப்படைப்பது?

எல்சா கிளவுஸ் மாட்டிக்கொண்டு வாசுகியோடு மோதிப் பார்த்தாள். நடுவில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ‘பயிற்சியில் சிரிப்பு’ என்று குறைகளின் கீழ் எழுதினேன். கடைசியில் தராசு. நாங்கள் மூவரும் குனிந்து பார்த்தோம்.

“அதே அம்பத்திரண்டு,” என்றாள் அங்கம்மா, பின்னாலிருந்து. எழுதப் படிக்கத் தெரியாதவள் எண் மட்டும் எங்கே கற்றாளோ. “என்னாங்க ஐயா, நம்ம எடை மடுவத்துல நாப்பத்தெட்டு. இங்கன வந்தா அம்பத்திரண்டு. மலை ஏறுனா புள்ள கனம் கூடுமா?”

“ஊட்டி ஒசரமான ஊரில்ல? மேகம் தாழ எறங்கும். ஈரம் ஒடம்புல ஏறிக்கும்,” என்று விளக்கினேன். உயரம் போகப் போக எடை குறையும் என்று நான் எட்டாம் வகுப்பில் படித்திருக்கிறேன். படித்ததையெல்லாம் எல்லா இடத்திலும் சொல்லிவிட முடியாது.

“ஏனுங்க,” என்றாள் எல்சா, கிளவுஸைக் கழற்றிக்கொண்டே. “நீங்க புள்ளைக்குக் கோச்சு பாக்க வந்தீங்களா, தராசுக்கு மாப்பிள்ள பாக்க வந்தீங்களா?”

இத்தகைய நாகரிகமற்ற கேள்விக்குப் பிறகு அந்தக் கூடத்தைப் பரிசீலிக்க முடியவில்லை.

திரும்பும் வழியில் வாசுகி முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். “சார், வெலிங்டன்லயே சேத்துவிடுங்க சார். ரெண்டுல எதுனாலும் செரிங்க. மூணு வாரந்தான் இருக்குது.”

“அவசரப்படாத. மூணாவது ஒண்ணு பாக்காம முடிவெடுத்தா அது ஜனநாயகம் ஆகுமா?” என்றார் மேனேஜர்.

மூன்றாவது, குன்னூர் மேல்கடைத் தெருவில் மாடியில் இருந்தது. ‘டோட்டல் ஃபிட் கிக்பாக்சிங் அண்ட் ஸ்லிம்மிங் சென்டர்.’ உரிமையாளர் பெனிஸ். நான்கு சுவரிலும் கண்ணாடி. மெத்தை வைத்த நாற்காலிகள். ஏலக்காய் போட்ட டீ. கேசட் ஒன்று பாட, வங்கி அதிகாரிகளின் மனைவிமார் ஏழெட்டுப் பேர் காற்றை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

“ரிங் எங்கங்க சார்?” என்று கேட்டாள் வாசுகி.

“மனசுதாம்மா ரிங்கு,” என்றார் பெனிஸ்.

“யார்கூடச் சண்ட போட்டுப் பழகறதுங்க?”

“இங்க காத்தத்தாம்மா அடிப்போம். எதுக்குச் சொல்றேன்னா, காத்து திருப்பி அடிக்காது.”

மேனேஜர் இதையெல்லாம் கேட்கவில்லை. அவர் பார்வை மூலையில் இருந்த பளபளப்பான எடை மெஷின்மேல் இருந்தது. “ஏறு,” என்றார்.

வாசுகி ஏறினாள். முள் நடுங்கி, தயங்கி, நாற்பத்தெட்டில் வந்து நின்றது.

பவுல்ராஜ் ஸ்தோத்திரம் சொன்னார். மேனேஜர் பெனிஸின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். “இந்த மலையில நேர்மையான ஆள் ஒருத்தராவது இருக்கீங்களே!”

பெனிஸ் வெட்கப்பட்டார். “எங்க மெஷின்ல ஏறுன லேடீஸ் யாரும் அழுதுட்டு எறங்கினதில்லீங்க. அதுதான் நம்ம கியாரண்டி.”

ஏகமனதாகத் தேர்வு முடிந்தது. பெனிஸ் விண்ணப்பத்தில் முத்திரை குத்தினார். இவர் எந்த வகையில் பதிவு பெற்றார் என்று நான் கேட்கவில்லை. முத்திரை மிக அழகாக இருந்தது.

வாசுகி தினமும் காலையில் அங்கே போய்ப் பாட்டுக்குக் காற்றை உதைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் குறுக்கு வழியாக வெலிங்டனுக்கு நடந்து போய் சுரேஷிடம் உதை வாங்குகிறாள் என்று எங்களுக்குத் தகவல் வந்தது. நன்றிகெட்டதனம் என்று குறித்து வைத்தோம். பெருந்தன்மையோடு நடவடிக்கை எடுக்கவில்லை.

இரண்டாவது வாரம் ஆபீசுக்கு வந்தாள். “சார், ஃபாரத்துல அம்பத்திரண்டுன்னு மாத்திக் குடுங்க சார். நாப்பத்தெட்டுல குடுத்தா எடை பாக்கறப்பவே வெளிய அனுப்பிருவாங்கன்னு சுரேஷ் சார் சொல்றாரு.”

குழு அவசரமாகக் கூடியது. வர்க்கிக்குப் பின் தீர்மானம் எட்டப்பட்டது: தராசு தவறாது, உடம்புதான் தவறும். ஆகவே வேண்டப்படுவது விண்ணப்பத்தைத் திருத்துவதல்ல, உடம்பைத் திருத்துவது.

“நாலு கிலோதானே? சோத்தைக் குறை,” என்றார் மேனேஜர். “லைன்ல இருக்கறவங்களுக்கு அது பழக்கமா இருக்கணுமே.”

அவள் இரண்டு நாள் குறைத்தாள். மூன்றாம் நாள் ஞாயிறு. அவள் உதை பஞ்சுபோல வந்து விழுந்ததைப் பார்த்து, சுரேஷ் பேடைக் கழற்றி வீசிவிட்டு, தன் வீட்டுச் சோற்றுப் பானையை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தாராம். தின்றுவிட்டாள். எங்கள் தீர்மானம் ஒரு பானைச் சோற்றில் கரைந்தது.

கோயமுத்தூருக்கு அணி மேலாளராக என்னை அனுப்பினார்கள். கூடவே பவுல்ராஜ். கைதட்டுவதற்கென்று அங்கம்மாவும் மூன்றாம் லைன் பெண்கள் சிலரும் சொந்தச் செலவில் வந்தார்கள். எடை பார்க்கும் மேஜையில் பங்கஜம் என்ற கண்ணாடி போட்ட அம்மாள் உட்கார்ந்திருந்தார். வாசுகி தராசில் ஏறினாள்.

“நாப்பத்தெட்டுன்னு குடுத்திருக்கீங்க. நாலு கிலோ ஜாஸ்தி இருக்குது. எறங்கு கண்ணு. அடுத்து?”

“மேடம், நான் அம்பத்திரண்டுலயே நின்னுக்கறேன் மேடம்!”

“அதுல எடம் இருக்குது. ஆனா ஃபாரத்துல போட்ட எடை தப்புன்னு உங்க மேலாளர் சொல்லோணும். யாருங்க மேலாளர்?”

நான் கையைத் தூக்கினேன்.

“சொல்லுங்க. தராசு தப்பா, புள்ள தப்பா?”

என் உத்தியோகத்தில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். இவ்வளவு குட்டையான கேள்வியை யாரும் கேட்டதில்லை. “பிரயாணத்துல எடை கொஞ்சம் கூடியிருக்கலாமுங்க,” என்றேன்.

“பஸ்ல நாலு கிலோ மைசூர்பாகு தின்னாளாக்கும்?”

எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி மேனேஜரைக் கூப்பிட்டேன்.

“அவ சண்ட போட்டே ஆகணும் ரைட்டர். லேபிள் அச்சாபீசுக்குப் போயாச்சு. ஆனா தராசு தப்புன்னு மட்டும் உங்க வாயில வரக்கூடாது. லைன் பொம்பளைங்க கூட வந்திருக்காங்களாமே?”

“கைதட்டத்தாங்க சார் வந்திருக்காங்க.”

“கை இருந்தா காதும் இருக்குமய்யா!”

திரும்பி வந்தேன். வாசுகி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். “சீக்கிரம் சொல்லுங்க சார். இல்லீன்னா இப்படியே திருப்பூர் பஸ் ஏறிக்கறேன். இங்கிருந்து பக்கந்தானுங்க.”

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன்.

அப்போதுதான் அந்த வாசகம் எனக்கு உதித்தது. தராசையும் குறை சொல்லாமல், பெண்ணையும் குறை சொல்லாமல், நிர்வாகத்துக்கும் பங்கமில்லாமல் ஒரு வாசகம். என் ஆசிரியர்கள் இருந்திருந்தால் எழுந்து நின்றிருப்பார்கள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு கூடமே கேட்கும்படி சொன்னேன்:

“அம்மா, தராசும் தப்பில்லை, புள்ளயும் தப்பில்லை. ஃபாரத்துல இருக்கறது வழக்கமான கழிவு போக உள்ள எடைங்க.”

“கழிவா?”

“ஆமாங்க. ஒரு மூட்டைக்கு நாலு கிலோ. சாக்கு, ஈரம், காம்பு வகையில.”

பங்கஜம் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசுகியை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். “இதுல எதுங்க சாக்கு? எதுங்க காம்பு?”

பதில் எதிர்பார்க்காமல் நாற்பத்தெட்டை அடித்து ஐம்பத்திரண்டு என்று போட்டுக்கொண்டார். என் வாசகம் வென்றுவிட்டது. பெருமிதத்தோடு திரும்பினேன். கைதட்ட வந்தவர்கள் யாரும் கைதட்டவில்லை. பவுல்ராஜ் கூரையில் ஓடிய மின்விசிறிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

“மூட்டைக்கு நாலு,” என்றாள் அங்கம்மா. “ஏன் ஐயா, வெயில் காயிற நாள்லயும் ஈரங்களா?”

“பனி இருக்குமில்ல,” என்றேன்.

போட்டியைப் பற்றி விரிவாக எழுத ஆசைதான். இறுதிச் சுற்றில் சென்னைப் பெண் ஒருத்தி. வாசுகியைவிட ஒரு சாண் உயரம். முதல் சுற்றில் வாசுகிக்கு உதடு கிழிந்தது. இரண்டாவதில் தூங்கிய வலது கை எழுந்தது. “விடாத புள்ள! குடு!” என்று மூன்றாம் லைன் முழுக்க பெஞ்சின்மேல் ஏறி நின்று அலறியது. மூன்றாவதில் அந்த இடது கால் எங்கே போய் விழுந்தது என்பதை நான் பார்க்கவில்லை. அங்கம்மா ரிங்கைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகவே நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் மட்டும் கேட்டது. நல்ல சத்தம்.

தங்கப் பதக்கம். கல்லூரியில் இடம் உறுதியாயிற்று. பெனிஸ் தன் மாடியிலிருந்து வீதிவரை ஒரு பேனர் தொங்கவிட்டார். ‘சரியான கூடத்தைத் தேர்ந்தெடுத்த சரியான குழு’ என்று எங்கள் மூவரின் படங்களும் அதில் இருந்தன. வாசுகியின் படத்துக்கு இடம் போதவில்லை.

திங்கள்கிழமை சாயங்காலம் எடைக் கொட்டகையில் மூட்டைகள் வரிசையாகத் தரையில் இருந்தன. ஒருத்தியும் கொக்கியில் மாட்டவில்லை. வாசுகி வந்தாள். உதட்டில் இன்னும் வீக்கம். கொக்கியைப் பிடித்து, கால்களை மடக்கித் தொங்கினாள்.

“நாப்பத்தெட்டு,” என்றார் பவுல்ராஜ், குரல் எழும்பாமல்.

“அம்பத்திரண்டு ஆக்குங்க ஐயா. பொறவு கொழுந்த மாட்டறோம்,” என்றாள் அங்கம்மா.

“அங்கம்மா, அது மெஷினு. அது சொல்றதுதான்...”

“புள்ள எடை கோயமுத்தூர்ல எழுதிக் குடுத்தது ஐயா. கவுருமெண்டு மாதிரி. மெஷினத் திருப்புங்க. புள்ள கை வலிக்குதில்ல?”

பவுல்ராஜ் என்னைப் பார்த்தார். நான் சில்வர் ஓக் மரத்தைப் பார்த்தேன். அவர் தராசின் பின்னால் போய்த் திருகைத் திருப்பினார். வாசுகி தொங்கிக்கொண்டே முள்ளைப் பார்த்து, “இன்னுங் கொஞ்சம்... இன்னுங் கொஞ்சம்... செரிங்க சார், போதுங்க,” என்றாள்.

அன்றிலிருந்து தினம் இரண்டு வேளை முதலில் வாசுகி, பிறகு கொழுந்து. மாநில சாம்பியனை நாங்கள் எடைக்கல்லாகப் பயன்படுத்தினோம் என்று வெளியூரில் தப்பாகப் பேசிக்கொள்கிறார்கள். நாங்கள் பயன்படுத்தவில்லை; லைன் பெண்கள் பயன்படுத்தினார்கள். அதே செடி, அதே கைகள்; கொழுந்து மட்டும் திடீரென்று கூடிவிட்டது. எந்த உரம் போட்டீர்கள், மற்ற எஸ்டேட்டுகளுக்கும் தெரிவிக்கவும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து கேட்டு எழுதினார்கள்.

குழு மீண்டும் கூடியது. மேனேஜர் அன்றைக்குப் பேசியது போல மனமுருகிப் பேசி நான் கேட்டதில்லை.

“திறமையான புள்ள ரைட்டர். இந்த மலையில வச்சு வீணடிக்கக் கூடாது. டெல்லி, பஞ்சாப், மணிப்பூர்னு எங்கயாவது நல்ல கிக்பாக்சிங் கூடமாப் பாருங்க. முழுச் செலவும் கம்பெனியோடது. இன்னிக்கே அனுப்பிடலாம்.”

“கோச்சு எப்படின்னு விசாரிக்கட்டுங்களா சார்?”

“வேண்டாம்.”

“தராசு?”

“வேண்டவே வேண்டாம்! ரயில் எத்தன நாள் போகும்னு மட்டும் விசாரிங்க.”

வாசுகியைக் கூப்பிட்டுச் சொன்னோம். அவள் கொக்கி பிடித்துக் காய்ப்பேறிய உள்ளங்கையைத் தடவிக்கொண்டு சிரித்தாள். “காலேஜ் ஜூலையிலதானுங்க சார் தொறக்குது. அது வரைக்கும் தொங்கிட்டே இருக்கறேன். தோளுக்கு நல்ல எக்சர்சைஸுன்னு சுரேஷ் சாரும் சொல்லிட்டாரு.”

ஜூலையில் அவள் போனாள். பஸ் நிலையம்வரை வந்து மேனேஜர் தன் கையாலேயே மாலை போட்டார். பஸ் கண்ணுக்கு மறையும் வரை நின்று பார்த்தார். அன்று சாயங்காலமே பவுல்ராஜ் திருகைப் பழையபடி திருப்பிவிட்டார்.

மறுநாள் சாயங்கால எடைக்குப் பெண்கள் தாமதமாக வந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் குன்னூருக்கு இறங்கி, பஸ் ஸ்டாண்டில் காசு போட்டு எடை பார்க்கும் மெஷினில் வரிசையாக ஏறியிருக்கிறார்கள். ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒரு சின்ன அட்டை. முதலில் வேலாயி வந்தாள். அறுபதை நெருங்கியவள். புடவையை வரிந்துகொண்டு கொக்கியைப் பிடித்துத் தொங்கினாள்.

“நாப்பத்தாறு வரணும் ஐயா,” என்றாள். “வல்லீன்னா எனக்கு அடுத்து அங்கம்மா தொங்குவா. அதுக்கடுத்து ராமாத்தா. பொழுதுக்கும் ஆளு இருக்கு.”

ஆகவே எங்கள் குழு கலைக்கப்படாமல் தொடர்ந்து பணியாற்றி வருகிறது. மூன்று லைன்களிலும் உள்ள அத்தனை பெண்களுக்கும் வெகுதூரத்தில் கிக்பாக்சிங் கூடங்கள் பார்க்க வேண்டியிருக்கிறது. வேலாயிக்கு வேறு முழங்கால் வலி. நேற்றைய கூட்டத்தில் பேச்சு வளர்ந்துகொண்டிருந்தபோது, இத்தனை பேரைக் கண்காணாத இடத்துக்கு அனுப்புவதைவிட, பேசாமல் தராசைச் சரியாக வைத்துவிடலாமே என்று ஒரு குரல் கேட்டது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிருந்ததால் சொன்னது யார் என்று தெரியவில்லை. குழுவில் மொத்தம் மூன்று பேர்தான் இருக்கிறோம். குற்றவாளியைத் தீவிரமாகத் தேடி வருகிறோம்.